மறு: 'அலர்ட் சவுண்ட்' – எச்சரிக்கை ஒலியா, வேறு சொல்லா?

வணக்கம்.

கணினித் திரையில் வரும் சொற்களைத் தமிழாக்கும் நாம், கணினி எழுப்பும் சின்னச் சத்தமான 'அலர்ட் சவுண்ட்'-க்கு என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை நேற்று இரவுதான் முழுதாகப் படித்தேன். தாமதத்துக்கு மன்னிக்கவும்.

> 'எச்சரிக்கை ஒலி' என்றே விட்டுவிடலாம். எல்லாருக்கும் புரிகிறது, இதில் என்ன தயக்கம்?

தயக்கம் இருக்கிறது. லினக்ஸ் கணினிகளின் திரைச்சூழலான குனோமில், கட்டளைகளைத் தட்டச்சிடும் சாளரமான முனையத்தைத் திறந்து, வெற்று வரியில் பேக்ஸ்பேஸைத் தட்டிப் பாருங்கள். ஒரு சத்தம் வரும். எதை எச்சரிக்கிறது? ஒன்றையும் இல்லை. 'அழிக்க இங்கே எழுத்தே இல்லையப்பா' என்கிறது, அவ்வளவுதான். கோப்பின் பெயரைப் பாதி அடித்து, மீதியைக் கணினியே நிரப்பட்டும் என்று டேப் விசையைத் தட்டும்போது, அதே எழுத்துகளில் தொடங்கும் கோப்பு இரண்டு மூன்று இருந்தாலும் அதே சத்தம். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்களே, அது எச்சரிக்கை. இது 'நீ சொன்னது காதில் விழுந்தது, ஆனால் என்னால் முடியவில்லை' என்னும் ஒரு முனகல்.

சொல் பெரிதாக இருப்பதால் வரும் சிக்கலை வீட்டிலேயே பார்த்தேன். அம்மாவின் மடிக்கணினி தொட்டதற்கெல்லாம் டொக் டொக் என்றது. அணைத்துவிடலாம் என்று ஒலி அமைப்புகளைத் திறந்தேன். 'எச்சரிக்கை ஒலி' என்று படித்ததும் கையைப் பிடித்துக்கொண்டார்: "அதை எடுத்துட்டா வைரஸ் வந்தா எப்படித் தெரியும்?" அம்மா கேட்டதில் தப்பில்லை. எச்சரிக்கையை அணைக்க யார்தான் துணிவார்கள்?

> அப்படியெண்டால் பழைய 'பெல்' இருக்குத்தானே. 'கணினி மணி' எண்டோ, எங்கட வழக்கிலை 'முறைமை மணி' எண்டோ போடலாம்.

வரலாறு உங்கள் பக்கம்தான். தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் படித்தவர்களுக்கு அந்த மணி நினைவிருக்கும். வரி முடியச் சில எழுத்துகள் இருக்கும்போது 'டிங்' என்னும். உருளையைத் தள்ளி அடுத்த வரிக்குப் போவோம். யாரும் பதறியதில்லை. தொலை அச்சுப்பொறிகளிலும் நிஜமான மணி இருந்தது. எதிர்முனையில் இருப்பவரைக் கூப்பிட அதை அடிப்பார்கள். எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் எண் கொடுக்கும், 1963-இல் வந்த ஆஸ்கி தரத்திலும் 7-ஆம் இடத்தை மணிக்கே கொடுத்தார்கள். கண்ட்ரோலையும் ஜியையும் சேர்த்து அழுத்தினால் பிறப்பது அந்தக் குறிதான். 1981-இல் ஐபிஎம் பிசி வந்தபோது உள்ளே இருந்தது ஒரு சின்ன ஒலிபெருக்கி. ஆனாலும் 'பெல்' என்ற பெயர் போகவில்லை.

ஆனால் தமிழில் மணி என்றால் நேரமும்தான். திரையில் 'கணினி மணி' என்று போட்டால், கடிகாரத்தைச் சரிசெய்யும் இடம் என்றுதான் பாதிப்பேர் நினைப்பார்கள். சத்தத்துக்குப் பதிலாகத் திரையை ஒரு கணம் மின்ன வைக்கும் 'விசுவல் பெல்' வசதியை என்ன செய்வது? 'காட்சி மணி' என்றால் சினிமாக் கொட்டகை நினைவுதான் வரும்.

'கணினி', 'முறைமை' என்று முன்னால் ஒட்டும் 'சிஸ்டம்' வேண்டவே வேண்டாம் என்பது என் கட்சி. இலங்கையில் முறைமை, தமிழ்நாட்டுப் பாடநூலில் அமைப்பு. 'செட்டிங்ஸ்'-க்கும் நாம் அமைப்புகள் என்கிறோம். கடைசியில் 'அமைப்பு ஒலி அமைப்புகள்' என்று நிற்கும். கணினிக்குள் இருந்துகொண்டு கணினியின் ஒலி என்று சொல்லத் தேவையில்லை.

என் பரிந்துரை: உணர்த்தொலி. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. உணர்த்திய, உணர்த்துகிற, உணர்த்தும் ஒலி. அச்சுறுத்தாது, பொத்தானிலும் அடங்கும். 'உணர்த்தொலியைத் தேர்ந்தெடு', 'உணர்த்தொலியின் அளவு' என்று வாக்கியத்திலும் இடறாமல் உட்காருகிறது.

விசுவல் பெல்லுக்கு 'உணர்த்தொளி' என்று வைத்தால் ஓர் எழுத்தில் வேலை முடிந்துவிடும். நானே அரைமணி நேரம் அதில் மயங்கிக் கிடந்தேன். அப்புறம் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். லகர ளகரம் பிரித்துச் சொல்பவர் எத்தனை பேர்? தொலைபேசியில் உதவி கேட்பவருக்கு எதை அணைக்கச் சொல்கிறோம் என்றே புரியாது. அதற்குத் 'திரைமினுக்கு' போதும்.

> சும்மா 'பீப்' என்று எழுதுங்கள். எதற்கு இத்தனை பாடு?

பேச்சில் நானும் பீப் என்றுதான் சொல்கிறேன். ஆனால் குனோம் 3-இல் தேர்ந்தெடுக்கக் கொடுத்த ஒலிகளில் நாய் குரைப்பும் நீர் சொட்டுவதும் இருந்தன. குரைப்பதைப் பீப் என்றால் நாய்க்கே பொறுக்காது. (அந்தப் பெயர்களைக் குரைப்பு, சொட்டு என்று தாராளமாக மொழிபெயர்க்கலாம். மேக்கின் 'சோசுமி'யை மட்டும் தொடாதீர்கள். 1991-இல் சிஸ்டம் 7-உடன் வந்தது. இசைத் துறையில் நுழையக் கூடாது என்று பீட்டில்ஸ் இசைக்குழுவின் ஆப்பிள் கோர் நிறுவனம், மேக்கைச் செய்யும் ஆப்பிள்மேல் வழக்குப் போட்டிருந்த நேரம். ஒலியை உருவாக்கிய ஜிம் ரீக்ஸ், இது ஜப்பானியச் சொல், இசையோடு தொடர்பில்லை என்று சட்டப் பிரிவுக்குச் சொல்லியனுப்பினார். ஆங்கிலத்தில் உரக்கப் படித்தால் 'முடிந்தால் என்மேல் வழக்குப் போடு'. அதைத் தமிழாக்கினால் குறும்பு செத்துவிடும்.)

வினைச்சொல்லுக்கு வருவோம். 'நிறுத்து' பாட்டை நிறுத்தும் பொத்தானில் இருக்கிறது. 'முடக்கு' வேறு இடங்களில் ஏற்கெனவே புழங்குகிறது. 'ஒலியடக்கு' என்றால் பாட்டும் சேர்ந்து ஊமையாகும். நமக்கு வேண்டியதோ பாட்டு ஓடட்டும், டொக் டொக் மட்டும் போகட்டும் என்பது. எனவே 'உணர்த்தொலியை அணை'. விளக்கை அணைக்கிறோம், அடுப்பை அணைக்கிறோம், இதுவும் அப்படியே. விண்டோஸில் எல்லா ஒலிகளையும் எடுத்துவிடும் தெரிவுக்கு 'ஒலி இல்லை' என்று ஒருவர் எழுதியிருந்தார். அது தெரிவு போல இல்லை, ஒலிபெருக்கி கெட்டுப்போன செய்தி போல இருக்கிறது. 'ஒலிகள் வேண்டாம்' என்று மாற்றலாம்.

புதுச் சொல்லை அம்மாவிடம் காட்டினேன். "உணர்த்தொலின்னா?" என்றுதான் கேட்டார். 'சும்மா ஒரு சத்தம்மா, ஏதாவது தப்பா தட்டினா வரும்' என்றேன். "அதுக்கா இவ்வளவு நாள் பயந்தேன், அணைச்சிடு" என்றார். ஒரு முறை விளக்க வேண்டியிருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஞாயிறுக்குள் மறுப்பு வராவிட்டால் இந்தச் சரங்களை (திரையில் தோன்றும் சொற்றொடர்களை) மாற்றிப் பதிவேற்றுகிறேன். 'நோட்டிஃபிகேஷன்'-க்கு 'அறிவிப்பு' சரியா 'அறிவிக்கை' சரியா என்ற சண்டையைத் தனி இழையில் வைத்துக்கொள்வோம்.