கே2-18பி கோளில் உயிர்: அறிவித்தது சரியா, அவசரமா?

அகிலன்:
2025 ஏப்ரலில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நிக்கு மதுசூதன் குழு அறிவித்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். 124 ஒளியாண்டு தொலைவில், சிம்ம விண்மீன் குழுவில், ஒரு சிவப்புக் குள்ள விண்மீனை 33 நாளுக்கு ஒருமுறை சுற்றும் கோள் கே2-18பி. அதன் வளிமண்டலத்தில் டைமெத்தில் சல்ஃபைடு இருக்கலாம், பூமியில் அந்த வாயு பெரும்பாலும் கடலில் மிதக்கும் நுண்பாசிகளால்தான் உண்டாகிறது, இதுதான் சாரம். செய்தி வந்த அன்று பாதிப் பேர் "ஏலியன் கிடைத்துவிட்டது" என்று பகிர்ந்தார்கள், மீதிப் பேர் "நிதி வாங்க நடத்தும் வேலை" என்று ஒரே வரியில் தள்ளிவிட்டார்கள். எனக்கு அந்த இரண்டாவது கூட்டத்தின் மேல்தான் கோபம். மனிதன் கேட்கத் தொடங்கியதிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கும் கேள்விக்கு முதல்முறையாகக் கருவியை வைத்துப் பதில் தேடுகிறார்கள், அதற்கு இவ்வளவுதான் மரியாதையா?

தமிழ்ச்செல்வி:
நிதிக்காகச் செய்கிறார்கள் என்பவரும், அறிவிப்பு அவசரப்பட்டது என்பவரும் ஒரே ஆள் இல்லை அகிலன், இருவரையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். இதே கோளுக்கு ஒரு பழைய கதை இருக்கிறது. 2019 செப்டம்பரில், ஹப்பிள் தொலைநோக்கியின் தரவை வைத்து இங்கே நீராவி இருக்கிறது என்று லண்டன் குழு ஒன்று சொன்னது. உயிர் வாழத் தகுந்த தொலைவில் உள்ள கோளில் தண்ணீர் என்று உலகமே கொண்டாடியது. அப்புறம் 2023-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி பார்த்தபோது மீத்தேனும் கார்பன் டை ஆக்சைடும் நன்றாகத் தெரிந்தன, நீராவிக்குத் தெளிவான தடயம் இல்லை. காரணம் எளிது. ஹப்பிள் பார்த்த 1.4 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி நீராவியும் ஒளியை உறிஞ்சும், மீத்தேனும் உறிஞ்சும். அந்தக் குறுகிய பகுதியை மட்டும் பார்த்தால் இரண்டையும் பிரிப்பது கடினம். தண்ணீர் கிடைத்த செய்தி முதல் பக்கத்தில் வந்தது, இந்தத் திருத்தம் எங்கே வந்தது? நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன், இன்றைக்கும் பிள்ளைகள் "அங்கே தண்ணீர் இருக்குதாமே மிஸ்" என்றுதான் கேட்கிறார்கள்.

முருகேசன்:
ஜேம்ஸ் வெப்புக்குச் செலவு சுமார் 1000 கோடி டாலர் என்று படித்தேன். ஒளியே போய்ச்சேர 124 வருடம் ஆகும் இடத்தில் பாசி இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? இங்கே குடிதண்ணீருக்குக் குடத்தோடு நிற்பவர்களுக்கு இதனால் என்ன லாபம்?

கயல்:
முருகேசன் அண்ணா, குடிதண்ணீர் கேள்வி நியாயமானது, ஆனால் வெப்பை மூடினால் அந்தப் பணம் குழாயில் தண்ணீராக வராது. தவிர, அது இந்த ஒரு கோளுக்காக அனுப்பியதும் இல்லை, முதல் விண்மீன் கூட்டங்கள் வரை அதை வைத்துத்தான் பார்க்கிறார்கள்.

தமிழ்ச்செல்வி அக்கா, மதுசூதன் குழு எதை மறைத்தது? முடிவு 3 சிக்மா அளவில்தான் (சிக்மா என்பது முடிவு எவ்வளவு உறுதியானது என்பதன் அளவுகோல்) இருக்கிறது, அதாவது தற்செயலாக இப்படித் தெரிய 0.3 சதவீத வாய்ப்பு உண்டு, கண்டுபிடிப்பு என்று ஏற்க 5 சிக்மா வேண்டும், இன்னும் 16 முதல் 24 மணி நேரம் வெப் பார்த்தால் அது கிடைக்கலாம் என்று அவர்களே அறிவிப்பில் சொன்னார்கள். உயிரைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை. படிக்காமல் பகிர்ந்தவர்கள் செய்த தப்புக்கு அவர்களை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

ரஃபீக்:
அந்த 0.3 சதவீதத்தைத்தான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் கயல். அது "உயிர் இருக்க 99.7 சதவீத வாய்ப்பு" இல்லை. என்ன அளக்கிறார்கள் என்று பாருங்கள். கோள் தன் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஒளி சுமார் 0.3 சதவீதம் மங்கும் (மேலே சொன்ன 0.3-க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை). கோளைச் சுற்றியுள்ள மெல்லிய வளிமண்டலத்தை ஊடுருவி வரும் ஒளி அதிலும் சிறு பகுதிதான். அந்த மங்கல் ஒவ்வோர் அலைநீளத்திலும் கொஞ்சம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும், அந்த வித்தியாசம் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, சில நேரம் அதைவிடவும் குறைவு. அப்படிக் கிடைத்த புள்ளிகளில் ஒரு மேடு தெரிகிறது, அதற்கு டைமெத்தில் சல்ஃபைடோ அதன் உறவுக்கார மூலக்கூறான டைமெத்தில் டைசல்ஃபைடோ பொருந்துகிறது, இரண்டில் எது என்றே பிரிக்க முடியவில்லை.

ஆக்ஸ்ஃபோர்டின் ஜேக் டெய்லர் அதே தரவை எடுத்து, எந்த மூலக்கூறையும் முன்கூட்டி நினைக்காமல் பார்த்தார். வெறும் நேர்கோடே போதுமான அளவு பொருந்தியது. மேடு இருக்கிறது என்று சொல்லவே வலுவான ஆதாரம் இல்லை என்று பொருள். சரி, வாயு இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். உயிர் எதுவும் இல்லாத 67பி வால்நட்சத்திரத்திலும் இதே டைமெத்தில் சல்ஃபைடுக்குத் தடயம் இருப்பதாக, ரோசெட்டா விண்கலத்தின் தரவை ஆராய்ந்தவர்கள் 2024-ல் சொன்னார்கள். ஆய்வகத்தில் வாயுக் கலவை மேல் புற ஊதா ஒளி பாய்ச்சியும் இதை உண்டாக்கியிருக்கிறார்கள்.

அகிலன்:
ரஃபீக் பாய், நீங்கள் சொன்னதே என் கட்சிக்குத்தான் பலம். முடிவைப் பொதுவில் வைத்ததால்தான் டெய்லர் சில நாட்களிலேயே அதைப் பிரித்து மேய முடிந்தது. 5 சிக்மா வரும்வரை வாய் திறக்காதே என்றால் இது எதுவும் நடந்திருக்காது. அண்டார்டிகாவில் கிடைத்த, ஏஎல்எச் 84001 என்ற செவ்வாய்க் கல்லில் பழைய நுண்ணுயிர்த் தடயம் என்று 1996-ல் நாசா விஞ்ஞானிகள் சொன்னார்கள், கிளின்டனே வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் நின்று பேசினார். பெரும்பாலான விஞ்ஞானிகள் இன்றுவரை அதை ஏற்கவில்லை. ஆனால் 1998-ல் நாசா விண்ணுயிரியலுக்கென்றே ஒரு நிறுவனம் தொடங்கியது, கல்லில் உயிர்த்தடயத்தை எப்படிச் சோதிப்பது என்பதையே அந்தச் சண்டையில்தான் கூர்தீட்டினார்கள். மக்கள் ஆர்வம் இல்லாமல் அது நடந்திருக்குமா?

தமிழ்ச்செல்வி:
விஞ்ஞானிகள் தங்களுக்குள் சண்டை போடட்டும், ஆராய்ச்சிக் கட்டுரை அதற்குத்தான். நான் பேசுவது செய்திக்குறிப்பைப் பற்றி. கேம்பிரிட்ஜ் வைத்த தலைப்பே, சூரிய மண்டலத்துக்கு வெளியே உயிர்ச் செயல்பாட்டுக்கு இதுவரை கிடைத்ததிலேயே வலுவான குறிப்புகள் என்ற பொருளில்தான் இருந்தது. எச்சரிக்கை எல்லாம் உள்ளே பத்திகளில். எத்தனை பேர் அதுவரை இறங்கிப் படிப்பார்கள்? 2020-ல் வெள்ளிக் கோளில் பாஸ்பீன், அதுவும் உயிரின் அடையாளமாக இருக்கலாம் என்ற வாயு, இருக்கிறது என்றார்கள், பிறகு தரவைச் சரிசெய்தபோது அளவு குறைந்தது, சந்தேகமும் கூடியது. ஒவ்வொரு முறையும் தலைப்பு பெரிதாக வந்து பிறகு சத்தமில்லாமல் சுருங்கும்போது, என் வகுப்பில் ஒரு பையன் "அப்போ எல்லாமே பொய்யா மிஸ்?" என்கிறான். தடுப்பூசி பற்றியும் பருவநிலை பற்றியும் நாளைக்கு அவன் நம்ப வேண்டிய ஆட்களும் விஞ்ஞானிகள்தானே. எனக்குப் பயம் அங்கேதான்.

கயல்:
அந்தப் பையனிடம் டெய்லரின் நேர்கோட்டைக் காட்டுங்கள் அக்கா, ஒரே தரவு, இரண்டு பார்வை, உனக்கு எது சரியென்று படுகிறது என்று கேளுங்கள். நமக்குத் தமிழில் பரபரப்பு மட்டும்தான் வந்துசேர்கிறது, அதன் பின்கதை வருவதில்லை. அந்தக் குறை நம்மிடம்தான் இருக்கிறது.

முருகேசன்:
சரி, இவ்வளவு பேசியாச்சு. அங்கே தண்ணீர் இருக்கா, இல்லையா? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

ரஃபீக்:
2025 ஜூலையில் ரென்யு ஹூ என்ற விஞ்ஞானியின் குழு வெப்பின் கூடுதல் தரவோடு வெளியிட்ட ஆய்வின்படி, கோளின் உள்பகுதியில் நிறைய நீர் இருக்க வாய்ப்பு அதிகம். அது கடலாக இருக்கிறதா என்று தெரியாது. எடை பூமியைப் போல 8.6 மடங்கு, ஆரம் 2.6 மடங்கு. இந்த அளவுக்குக் கடல் சூழ்ந்த உலகமும் பொருந்தும், நிற்கத் தரையே இல்லாத குட்டி நெப்டியூனும் பொருந்தும், உருகிய பாறைக் கடல்கூடப் பொருந்தலாம் என்பவர்கள் உண்டு. டைமெத்தில் சல்ஃபைடுக்குப் போதுமான ஆதாரம் அந்த ஆய்விலும் கிடைக்கவில்லை.

தமிழ்ச்செல்வி:
இந்தப் பதிலை முதலில் குழுவின் மேலே எல்லோருக்கும் தெரியும்படி பொருத்தி வையுங்கள், நிர்வாகி. ஏப்ரல் செய்தியை இங்கே பகிர்ந்தவர்கள் அதே பதிவின் கீழ் இதையும் ஒட்டட்டும். அகிலன், நீங்களும்தான்.

அகிலன்:
ஒட்டிவிட்டேன். ஆனால் அறிவித்தது தப்பு என்று மட்டும் என்னைச் சொல்ல வைக்க முடியாது.