ஆரணி பெரிய வீடு: ஃபிஜி கல்யாணம்

ராதா, காலை 7:12
ஃபிஜியிலிருந்து பத்திரிகை வந்துடுச்சு, மேல போட்டிருக்கேன். ஆகஸ்ட் 29, ஆவணியிலதான். நானும் தேனுவும் போறோம். சேகர், நீ போயிட்டு வந்தவன், என்னென்ன எடுத்துக்கணும்னு சொல்லுடா

வேலு, 7:20
யாருக்கு கல்யாணம்

ராதா, 7:21
முனுசாமி தாத்தாவோட பேரன் பொண்ணுக்கு அண்ணா. 1911ல ஆற்காடு சந்தைக்குப் போறேன்னு போய் கப்பல் ஏறினாரே, தாத்தாவோட அண்ணன்

சுமதி, 7:24
பொண்ணு அப்படியே அத்தை ஜாடை

சேகர், 7:41
அக்கா பொறுமையா படி. விசா இங்க எடுக்க வேணாம். இந்திய பாஸ்போர்ட்டுக்கு அங்க இறங்கினதும் 4 மாசத்துக்குக் குத்தித் தருவாங்க. பாஸ்போர்ட் இன்னும் 6 மாசத்துக்காவது உயிரோட இருக்கணும், திரும்பி வர டிக்கெட் கையில இருக்கணும், தங்கற வீட்டு விலாசம் எழுதி வச்சுக்க. டிக்கெட் சிங்கப்பூர் வழியா போடு, அங்கிருந்து நேரா 10 மணி நேரம். சிட்னி வழி மலிவா இருக்குன்னு தேனு சொல்லும், கேக்காத. அங்க விமானம் மாறி ஏறவே ஆஸ்திரேலியாகிட்ட தனியா விசா வாங்கணும். இறங்கற ஊர் பேரு நந்தி. டிக்கெட்ல நாடின்னு படிக்கற மாதிரி இருக்கும், ஊர் மாறிப்போச்சுன்னு பயந்துடாத

ராதா, 7:43
நந்தியா! அப்போ சிவன் கோயில் இருக்கா

சேகர், 7:50
முருகன் கோயில். கடைத்தெரு முடியற இடத்துல கோபுரம் நம்ம ஊர் கோபுரமாட்டமே நிக்குது. இப்ப இருக்கற கோயில் 1994ல கட்டினது, நம்ம நாட்டு ஸ்தபதிங்கதான் போய் வேலை செஞ்சாங்க. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. அன்னைக்குக் கறி மீன் சாப்பிட்டிருந்தா உள்ள போகக் கூடாது. உள்ள போட்டோவும் எடுக்கக் கூடாது

சுமதி, 7:51
அதான் மொத நாள் இவரு வெளியவே நின்னாரு

கார்த்தி, 7:58
கொல்லை மோட்டாருக்கு ஈபி பில் யார் கட்டறது? ஆள் வந்து கேட்டுட்டுப் போனாரு

ராதா, 8:02
ஊறுகாய், வடாம், பருப்புப் பொடி, கருவேப்பிலை எடுத்துக்கறேன். அப்புறம் நம்ம அம்மன் கோயில் மண் ஒரு பிடி. தாத்தாவை எரிச்ச இடத்துல போடணும்

சேகர், 8:04
மண்ணு கூடவே கூடாது அக்கா

ராதா, 8:04
ஏன்டா

சேகர், 8:13
மண், விதை, செடி, இலை எதுவும் விடமாட்டாங்க. செருப்பு அடியில சேறு ஒட்டியிருந்தாக்கூட கழுவிட்டு வரச் சொல்லுவாங்க. சின்னத் தீவு. கரும்பு, சேம்பு, மரவள்ளி, இதுதான் அவங்க பொழைப்பும் சோறும். நம்ம மண்ணுல ஒரு பூச்சி ஒட்டிட்டுப் போச்சுன்னா மொத்தமும் போயிடும். சாப்பாட்டுச் சாமான் இருக்கான்னு கேட்டா இருக்குன்னு சொல்லி எடுத்துக் காட்டிடணும், மறைச்சாதான் அபராதம். வீட்டு ஊறுகாய் வேணாம். கருவேப்பிலை அவங்க கொல்லையிலேயே மரமா நிக்குது

ராதா, 8:15
நூறு வருஷம் கழிச்சு வெறுங்கையோட போறதா

வேலு, 8:19
1978ல அவங்க கடிதம் போட்டாங்க. பங்கு கேட்டு வந்துடுவாங்கன்னு அப்பா பதிலே போடல. நான்தான் தபால்காரர்கிட்ட வாங்கினேன்

தேனு, 8:20
இது எனக்குத் தெரியாதே மாமா

ராதா, 8:20
அதை எதுக்கு இப்ப எடுக்கறே அண்ணா

வேலு, 8:22
சொன்னேன்

கார்த்தி, 8:25
அவங்க நம்மளை எப்படிக் கண்டுபிடிச்சாங்க சித்தப்பா?

சேகர், 8:33
கப்பல் ஏத்தும்போது ஒரு சீட்டு எழுதுவாங்க. பேரு, அப்பா பேரு, ஜில்லா, ஊரு, உடம்புல இருக்கற தழும்பு வரைக்கும். அதோட நகலை எடுத்து வச்சிருக்காங்க. வட ஆற்காடுன்னு இருக்கு. நம்ம ஜில்லாவிலிருந்து அவ்வளவு பேர் போயிருக்காங்க. மெட்ராஸ்ல 1903ல ஆரம்பிச்சு 1916 வரைக்கும். 5 வருஷம் கரும்புத் தோட்டத்துல ஒப்பந்தம், அதைத்தான் அங்க கிர்மிட்டுன்னு சொல்றாங்க. இப்ப வீட்டுல பேசறது ஃபிஜி ஹிந்தி. தமிழ் பெரியவங்க வாயில ஒண்ணு ரெண்டு வார்த்தைதான். அக்கா, நீ மெதுவா பேசு, அந்த வீட்டுப் பெரியவர் உன் வாயையே பார்த்துட்டு இருப்பாரு

தேனு, 8:36
மாமா சார்ஜர் அங்க சேருமா

சேகர், 8:47
சேராது, ஆஸ்திரேலியா பிளக் மாதிரி, சாய்ஞ்ச குச்சி. மாத்தி வாங்கிக்க. பஸ்ல போக கார்டு வாங்கிப் பணம் போட்டு வச்சுக்க. ஞாயித்துக்கிழமை முக்கால்வாசிக் கடை அடைச்சிருக்கும். மலேரியா இல்ல, டெங்கு உண்டு, கொசு மருந்து தடவிக்க. பவளப்பாறை கிழிச்சா சீக்கிரம் ஆறாது, கடல்ல செருப்பு இல்லாம இறங்காத. அந்த ஊர்ப் பூர்வகுடிக் கிராமத்துக்குக் கூப்பிடுவாங்க. முட்டி மறையற துணி, தலையில தொப்பி வேணாம், யார் தலையையும் தொடாத. சந்தையில யாங்கோனா வேர் ஒரு கட்டு வாங்கிட்டுப் போய் தலைவர் முன்னால வைக்கணும், செவுசெவுன்னு பேரு. நம்ம வெத்தலை பாக்குத் தட்டு மாதிரி. அதையே கரைச்சுத் தேங்காச் சிரட்டையில குடுப்பாங்க, நாக்கு மரத்துப்போகும். அக்கா, நேரம் நம்மளைவிட ஆறரை மணி முன்னால. பிரஷர் மாத்திரையை எப்பப் போடறதுன்னு டாக்டரைக் கேட்டுக்க, சீட்டோட கைப்பையில வை

ராதா, 8:52
இவ்வளவும் ஞாபகம் இருக்குமா எனக்கு. தேனு எழுதிக்க

தேனு, 8:55
அம்மா, மண்ணுதானே கூடாது. பித்தளையை விடுவாங்கல்ல? கொள்ளுப்பாட்டி சொம்பு?

ராதா, 8:56
அது சேகர் வீட்டுல இருக்கு. அம்மா எனக்குத் தரேன்னு சொன்னது

சுமதி, 8:57
இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சுமதி, 8:59
அண்ணி, அத்தை அவங்க கையாலதான் எனக்குக் குடுத்தாங்க. நான் கேக்கல

சேகர், 9:00
காலையிலேயே வேணாம்

வேலு, 9:06
அந்தச் சொம்புலதான் முனுசாமி தாத்தா தண்ணி குடிச்சுட்டுக் கிளம்பினாருன்னு ஆயா சொல்லும். சந்தைக்குத்தானே போறான்னு அவங்கம்மா வாசலுக்குக்கூட வரலையாம்

சுமதி, 9:31
பரண்ல இருந்து எடுத்துட்டேன். ஒரே பச்சை. கழுத்துகிட்ட பேரு வெட்டியிருக்கு, "மு" மட்டும்தான் தெரியுது. புளி ஊற வச்சிருக்கேன்

ராதா, 9:32
மெதுவா தேய் சுமதி, எழுத்து போயிடப்போகுது

தேனு, 9:33
குடுத்துட்டே வந்துடறதா, காட்டிட்டுத் திரும்ப எடுத்துட்டு வர்றதா

சேகர், 9:34
அதை ராத்திரி பேசலாம்

கார்த்தி, 9:40
ஈபி பில் 20ஆம் தேதி கடைசி

வேலு, 9:44
கார்த்தி, என் பாஸ்போர்ட் எப்ப முடியுது

கார்த்தி, 9:45
பிப்ரவரி கடைசியில பா. ஏன்?

வேலு, 9:45
ஆறு மாசம் வருமான்னு கணக்குப் பாரு