குழுக் கூட்டத்தில் வேலையைப் பிரித்துக் கொடுப்பது எப்படி? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். எங்கள் மகளிர் சுய உதவிக் குழுவில் 14 பேர். போன மாதம்தான் என்னை ஊக்குநராக, அதாவது குழுவை வழிநடத்துபவராக, தேர்ந்தெடுத்தார்கள். குழு கடைப்பிடிக்க வேண்டிய ஐந்து விதிகளான பஞ்ச சூத்திரத்தில் குறை இல்லை. வாராவாரம் கூடுகிறோம், சேமிப்பும் கடன் தவணையும் ஒழுங்காக வருகிறது, கணக்கு நோட்டும் சரியாக இருக்கிறது. ஆனால் அடுத்த ஒரு வருடத்துக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் இரண்டு பேர்தான் பேசுகிறார்கள். மற்றவர்கள் "நீங்க சொன்னா சரிதான் அக்கா" என்று எழுந்துவிடுகிறார்கள்.

போன வாரம் தரையில் சாக்பீஸால் மூன்று வட்டம் போட்டேன்: கறவை மாடு, தையல், மாவு மில். ஆளுக்கு ஐந்து புளியங்கொட்டை கொடுத்து, பிடித்த வட்டத்தில் வைக்கச் சொன்னேன். வாயே திறக்காத ஒரு அம்மா ஐந்தையும் மாவு மில்லில் வைத்தார். ஏன் என்று கேட்டதும், தலையில் அரிசிக் கூடையோடு மூன்று கிலோமீட்டர் நடப்பதைக் கடகடவென்று சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதிகக் கொட்டையும் அந்த வட்டத்தில்தான் விழுந்தது.

சரி, மில் என்று முடிவாகிவிட்டது. அப்புறம்தான் சிக்கல். இயந்திர விலை விசாரிப்பது, மின் இணைப்புக்கு அலைவது, வங்கிக்குப் போவது எல்லாம் என் தலையிலேயே விழுகிறது. யார் மனமும் நோகாமல், தேதி குறித்து, வேலையை எப்படிப் பிரிப்பது? எங்களில் நான்கு பேருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர்களுக்கும் புரியும்படி திட்டத்தைச் சுவரில் படமாக வரைந்து வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போட்டோ இருந்தால் போடுங்கள். அடுத்த கூட்டம் வியாழக்கிழமை.