மேக் அண்ட் சீஸ் ஓவனில் வைத்ததும் திரிந்துவிடுகிறது, உதவி தேவை

சிகாகோவில் எங்கள் தெருமுனையில் ஒரு சின்ன உணவகம் இருக்கிறது. மொத்தமே பத்துப் பன்னிரண்டு மேசைதான். வீட்டுக்காரர் ஓல்ட் ஃபேஷன்டு காக்டெயிலுக்காகப் போவார் (போர்பன், சர்க்கரை, பிட்டர்ஸ், ஆரஞ்சுத் தோல், அதற்கு இத்தனை டாலரா என்று நான் கேட்பதில்லை). நான் போவது மேக் அண்ட் சீஸுக்கு, அதாவது சீஸ் சாஸில் புரட்டி ஓவனில் வைத்த மெக்கரோனிக்கு. மேலே மொறுமொறு ரொட்டித்தூள், உள்ளே பட்டுப்போன்ற சாஸ்.

அதை வீட்டில் செய்ய மூன்று வாரமாகப் போராடுகிறேன். அடுப்பில் இருக்கும்வரை சாஸ் அருமை. ஓவனில் 375 டிகிரி ஃபாரன்ஹீட்டில் 25 நிமிடம் வைத்து எடுத்தால் ரவை மாதிரி திரிதிரியாகி, ஓரத்தில் எண்ணெய் மிதக்கிறது.

அளவு: வெண்ணெய் 3 மேசைக்கரண்டி, மைதா 3 மேசைக்கரண்டி, முழுக்கொழுப்புப் பால் 2 கப், எக்ஸ்ட்ரா ஷார்ப் செடார் (நன்கு முதிர்ந்த சீஸ்) 225 கிராம், மெக்கரோனி 225 கிராம்.

முதலில் பாக்கெட்டில் துருவி வரும் சீஸ் போட்டேன். அதில் கட்டி சேராமலிருக்க மாவுச்சத்து கலப்பார்கள் என்று படித்ததும் கட்டியாக வாங்கி நானே துருவினேன். அப்புறம் அடுப்பை அணைத்த பிறகே சீஸ் சேர்த்தேன். போன வாரம் பாதிப் பாலுக்குப் பதில் எவாப்பரேட்டட் மில்க் (சர்க்கரை சேர்க்காமல் சுண்டவைத்த டின் பால்). கொஞ்சம் தேவலை, ஆனால் எண்ணெய் போகவில்லை. உணவகத்தில் கேட்டால் சிரிக்கிறார்கள், சொல்லமாட்டேன் என்கிறார்கள்.

சனிக்கிழமை எட்டுப் பேர் சாப்பிட வருகிறார்கள். சாஸ் ஓவனிலும் திரியாமல் இருக்க, இந்த அளவில் எதை மாற்ற வேண்டும்?