சூடானதும் கில் சுவிட்ச் வேலை செய்யாத அவுட்போர்டு (பூவாறு)

வாரக் கடைசியில் வள்ளம் ஓட்டுகிறவர்களுக்கான பாதுகாப்புப் பயிற்சி பூவாறு காயலில் நின்றுபோய்க் கிடக்கிறது. ஓட்டுநர் மணிக்கட்டில் மாட்டும் கயிற்றின் கிளிப்பை கில் சுவிட்சிலிருந்து உருவினாலும், வள்ளத்தின் பின்புறம் மாட்டிய அவுட்போர்டு இன்ஜின் அணையவில்லை. அது அணையாவிட்டால், விழுந்தவரைச் சுற்றியே வள்ளம் வட்டம் போடும், சுழலும் புரொப்பெல்லரோடு. அதனால் ஆள் ஏற்றுவதில்லை.

16 அடி ஃபைபர் வள்ளம். 15 எச்.பி. இரண்டு ஸ்ட்ரோக், சி.டி.ஐ. இக்னிஷன் (கெபாசிட்டர் வழியாக ஸ்பார்க் கொடுக்கும் மின்னணுப் பெட்டி). ஓணம் கழிந்து தொடங்கியது. குளிர்ந்திருந்தால் உடனே நிற்கும். அரைமணி ஓடிச் சூடானால் நிற்காது. சோக் இழுத்துத்தான் அணைக்கிறோம்.

சுவிட்ச் புதுசு மாற்றியாச்சு. மீட்டரில் கிளிப் இருக்கும்போது ஓப்பன், உருவினால் கிட்டத்தட்ட 0 ஓம், சூட்டிலும் அப்படியே. எர்த் போல்ட்டைச் சுரண்டி, வயர் முனையைப் புதிதாக கிரிம்ப் செய்தோம் (பொழி, அதாவது கழிமுகப் பக்கத்து உப்புக்குப் பச்சை பிடிக்காத செம்பு உண்டா!). சி.டி.ஐ.யின் ஸ்டாப் வயரை (எர்த்தில் பட்டால் ஸ்பார்க்கை நிறுத்த வேண்டிய வயர்) சூட்டில் நேரே இன்ஜின் பிளாக்கில் தொட வைத்தும் ஓடுகிறது. கூலிங் தண்ணீர் நன்றாகப் பீய்ச்சுகிறது. பிளக்கில் கரி கொஞ்சம் உண்டு.

சி.டி.ஐ. உள்ளே ஸ்டாப் சர்க்யூட் சூட்டில் விட்டுப்போகிறதா, இல்லை கரி கனன்று ஸ்பார்க் இல்லாமலே எரிகிறதா? புது சி.டி.ஐ. வாங்கும் முன் இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது?