புதுப்பிப்பு: அப்பாவுடன் இரவு உணவு முடிந்தது

திருநெல்வேலியிலிருந்து பெங்களூரு வரும் அப்பாவை எங்கே சாப்பிட அழைத்துச் செல்வது என்று போன வாரம் கேட்டிருந்தேன். வயது 72, முழங்கால் வலி, சைவம், ஏழரைக்குள் சாப்பாடு முடிந்தாக வேண்டும். பாதிப் பேர் மொட்டைமாடி உணவகங்களைச் சொன்னீர்கள். ஒன்றுக்கு முதல் நாளே தனியாகப் போய்ப் பார்த்தேன். பாட்டுச் சத்தத்தில் பரிமாறுபவர் பேசியது எனக்கே கேட்கவில்லை. அப்பாவுக்கு இடது காது வேறு மந்தம்.

கடைசியில் லால்பாக் சாலை எம்.டி.ஆர். (மாவள்ளி டிபன் ரூம்ஸ்) சைவ உணவகம்தான். 1924இல் தொடங்கிய கடை. ஆறு மணிக்கே போய்விட்டதால் காத்திருப்பு குறைவு. ரவா இட்லி வந்தது. இரண்டாம் உலகப் போர்க்கால அரிசித் தட்டுப்பாட்டில் இங்கேதான் இது பிறந்தது என்று சொல்வார்கள் என்றேன். அப்பா இட்லியை ஒருமுறை உற்றுப் பார்த்தார். "பஞ்ச காலத்துப் பலகாரத்துக்கு இவ்வளவு நெய்யா?"

சாம்பார்தான் சறுக்கியது. இந்த ஊர்ச் சாம்பாரில் வெல்லம் விழும் என்று முன்கூட்டியே எச்சரித்திருக்க வேண்டும். ஒரு கரண்டியோடு கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டார், ஒரு வார்த்தை பேசாமல். ஆனால் மசால் தோசையில் ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லை. காபி இரண்டு முறை.

பில்லை நான்தான் கொடுப்பேன் என்று சபதம் செய்திருந்தேன். கை கழுவிவிட்டு வருவதற்குள் அவரே கொடுத்துவிட்டார்.