நானூக் படத்துல ஜோடனையே இல்லையாம்ல!

பழங்காநத்தம் பாலா:
நேத்து நம்ம செல்லூர் ரசிகன் அண்ணன் ‘பார்த்தே ஆகவேண்டிய உலக ஆவணப்படங்கள்’னு ஒரு பட்டியல் போட்டிருந்தாரு. பட்டியல் மேல எனக்குச் சண்டை இல்ல. அதுக்கு மேல ஒரு வரி எழுதியிருந்தாரு பாருங்க, அதான் ராத்திரி பூரா உறுத்துச்சு: “வெள்ளைக்காரன் கேமராவை வச்சா கண்ணு முன்னாடி நடக்குறதை மட்டும்தான் எடுப்பான், நம்மாளுக மாதிரி ஜோடிக்க மாட்டான். உதாரணம் நானூக்.”

அண்ணே, உதாரணத்துக்கு வேற படமே சிக்கலையா? 1922ல வந்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’. ராபர்ட் ஃப்ளஹர்ட்டி கனடாவோட வடக்குப் பகுதியில, ஹட்சன் விரிகுடாப் பக்கம் போய் எடுத்தது. நானூக்கா வர்ற வேட்டைக்காரரு பேரே நானூக் இல்ல, அல்லகரியல்லக். படத்துல பொண்டாட்டியா வர்றவங்க அவரு பொண்டாட்டி இல்ல. துப்பாக்கி வச்சு வேட்டையாடிக்கிட்டிருந்த சனத்தோட கையில ஈட்டியைத் திணிச்சு எடுத்தது. சரி, இதெல்லாம்கூட விடுங்க. குடும்பம் இக்ளூக்குள்ள, அதான் பனிக்கட்டியால கட்டுன வீட்டுக்குள்ள, தூங்கி எந்திரிக்கிற காட்சி இருக்குல்ல, அது பாதி இக்ளூ. பாதி! உள்ள வெளிச்சம் பத்தலன்னு கேமரா பக்கம் இருந்த பாதியை வெட்டிட்டு, வெட்டவெளிக் குளிர்ல புள்ளகுட்டிகளைப் படுக்க வச்சு எடுத்தது. இதுதான் ஜோடனை இல்லாத படமா?

செல்லூர் ரசிகன்:
வந்துட்டாருய்யா நக்கீரரு. பட்டியல்ல இருந்த மத்த படமெல்லாம் கண்ணுல படல, ஒரு இக்ளூ மட்டும் பட்டுருச்சு. தம்பி, அந்தக் காலத்து ஃபிலிமுக்கு வெளிச்சம் வேணும். பனிக்கட்டி ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம் போதாது. பெரிய இக்ளூவாக் கட்டிப் பாத்தாங்க, கூரை திரும்பத் திரும்ப இடிஞ்சு விழுந்துச்சு. அப்புறம்தான் வெட்டுனாங்க. குளிர் நிஜம், பனி நிஜம், அந்த மக்களும் நிஜம். கூரை இல்லன்னா எல்லாம் பொய்யாயிருமா?

பழங்காநத்தம் பாலா:
ஆக, பாதி இக்ளூன்னு ஒத்துக்கிறீங்க. அப்புறம் ‘ஜோடனை இல்ல’ன்னு எழுதுனது எதுக்கு?

செல்லூர் ரசிகன்:
நான் எதையும் ஒத்துக்கல. விளக்கம் சொன்னேன்.

திருநகர் தேவி:
ரெண்டு பேரும் ஒரு நிமிஷம் இருங்க. ஆவணப்படத்துல எது எது அனுமதி, எது கூடாதுன்னு முதல்ல பேசிக்கிட்டா என்ன? பிரிட்டிஷ் ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன் அந்தக் காலத்துலயே நிஜத்தைக் கலையாக் கையாளுறதுதான் இதுன்னு சொல்லிட்டாரு. அந்தக் கணக்குல பாத்தா...

பழங்காநத்தம் பாலா:
அக்கா, கலையாக் கையாளட்டும், யார் வேணாம்னா? பாதி வீட்டை முழு வீடுன்னு காட்டக் கூடாதுங்கிறேன்.

பசுமலை வாத்தியார்:
நடுவுல புகுறதுக்கு மன்னிக்கணும். ஃப்ளஹர்ட்டி எதையும் மறைக்கவில்லை. படம் வந்த அதே 1922லேயே பத்திரிகையில் கட்டுரை எழுதியிருக்கிறார். கூரை இடிந்ததும், பாதியை வெட்டியதும், வெளிக் குளிர் உள்ளே அடித்ததும் அதிலேயே இருக்கிறது. நாம் கண்டுபிடித்த ரகசியம் மாதிரி ஏன் குதிக்க வேண்டும்? தவிர, எடுத்த சுருளை அங்கேயே கழுவி, அந்த மக்களுக்கே போட்டுக் காட்டி எடுத்த படம் அது. அடுத்து என்ன எடுக்கலாம் என்று அவர்களும் யோசனை சொன்னார்கள். கேமராவை ரிப்பேர் பார்த்ததும் அவர்களே. ஈட்டி வேட்டை அவர்களுடைய தாத்தா காலத்துத் தொழில், அதை நடித்துக் காட்டுவதில் அவர்களுக்குப் பெருமைதான். கேலி செய்வதற்கு முன்னால் கொஞ்சம் வாசிக்கலாம்.

பழங்காநத்தம் பாலா:
வாத்தியாரய்யா, வணக்கம். வாசிச்சிட்டுத்தான் வந்தேன். கட்டுரையில எழுதுனாரு, சரி. படத்துல போட்டாரா? ஊமைப் படம்தானே, வரிக்கு வரி எழுத்து அட்டை வருதுல்ல. அதுல ஒரு அட்டையில ‘வெளிச்சத்துக்காக இக்ளூவில் பாதியை எடுத்துவிட்டோம்’னு போட எவ்வளவு நேரமாகும்? போடல. டிக்கெட் வாங்கிப் படம் பாத்தவன்ல எத்தனை பேரு அந்தக் கட்டுரையைத் தேடிப் படிச்சிருப்பான்?

அப்புறம் அந்த வால்ரஸ்ங்கிற பெரிய கடல் விலங்கை வேட்டையாடுற காட்சி. கயித்தைப் புடிச்சு இழுக்க முடியாம, துப்பாக்கியால சுடச் சொல்லி அவங்க கத்துனப்ப, இவரு காதுல விழாத மாதிரி கேமராவைச் சுத்திக்கிட்டே இருந்தாராம். பெருமைக்கு நடிச்சாங்களாம்! உசுரு போகப் போகுதுங்கிறப்ப என்ன பெருமை?

ஆனா என் கேள்வி அது இல்ல. என் கேள்வி இக்ளூ.

கோரிப்பாளையம் கபீர்:
பாலா, நீ இக்ளூவை விட்டு வெளிய வா மாப்ள, சளி புடிச்சிரும்.

பாலமேடு பாண்டி:
எனக்கு அந்த இக்ளூவெல்லாம் தெரியாது. எங்க ஊர்ல நடந்ததைச் சொல்றேன். ஒரு வருஷம் மாட்டுப் பொங்கலுக்கு வெளிநாட்டு டிவிக்காரங்க வந்தாங்க. எங்க சித்தப்பா காளையை வாடிவாசல் பக்கம் புடிச்சிட்டுப் போறதை எடுத்தாங்க. முடிஞ்சதும் இன்னொரு தடவை நடந்து வரச் சொன்னாங்க. வெயில் மூஞ்சிக்கு நேரா அடிக்குதாம். அதுக்கப்புறமும் விடல, சட்டையைக் கழட்டிட்டு வெறும் வேட்டியோட வரச் சொன்னாங்க. சித்தப்பா அந்த வருஷம் தீபாவளிச் சட்டையை ஆசையாப் போட்டிருந்தாரு. கழட்ட மாட்டேன்னுட்டாரு. படத்துல அவரு இல்ல, காளை மட்டும் இருக்கு.

செல்லூர் ரசிகன்:
பாண்டி, டிவிக்காரன் வேற, ஆவணப்படக்காரன் வேற. ரெண்டையும் போட்டுக் குழப்பாதீங்க. அதோட உலகமே பாக்குறது அலங்காநல்லூரைத்தான், உங்க ஊருக்கு எவன் வந்தான்?

பாலமேடு பாண்டி:
எவன் வந்தானா? அலங்காநல்லூருக்கு மந்திரி வர்றாரு, கேலரி போடுறாங்க, அதனால பேரு. மாடு பாக்குறவன் பாலமேட்டுக்குத்தான் வருவான். செல்லூர்ல உக்காந்துக்கிட்டு வாடிவாசலைப் பத்திப் பேசாதீங்க.

செல்லூர் ரசிகன்:
ஆரம்பிச்சுட்டாங்கய்யா!

திருநகர் தேவி:
பாண்டி அண்ணன் சொன்ன சட்டைதான் விஷயமே. படம் எடுக்க வர்றவங்களுக்கு வேணும்கிற ஏழையா நாம நிக்கணும். லூயி மால் பிரான்சுலருந்து வந்து இந்தியாவைப் பத்தி ஏழு பாகமா எடுத்தாரு. மெட்ராஸும் அதுல இருக்கு. 1970ல பிபிசி அதை ஒளிபரப்பினப்ப, நம்ம அரசாங்கம் கோபப்பட்டு டெல்லியில பிபிசி ஆபீஸையே மூட வச்சது. அந்தப் படத்தைப் பாத்தா ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கிற மாதிரி தோணும். அந்தாளாவது, தான் வெளியாளு, தன்னோட கேமரா அந்த மக்களை முறைச்சுப் பாக்குதுன்னு குரல் கொடுத்தே சொல்றாரு.

கோரிப்பாளையம் கபீர்:
அப்ப நம்மாளு எடுத்தா சரியாயிருமாக்கா? நாமளும் கீழ இருக்கவனை அதே கண்ணோடதான் பாக்குறோம்.

பழங்காநத்தம் பாலா:
இந்தா, கபீர் நல்ல இடத்துக்கு வந்தாப்ல. ‘நம்மாளுக ஜோடிக்கிறாங்க’ன்னு எழுதுனாருல்ல செல்லூர் அண்ணன்? 2003ல நம்ம ஊரு ஆவணப்பட இயக்குநர் அமுதன் எடுத்த ‘பீ’ பாத்திருக்காரா? மதுரைத் தெரு. மாநகராட்சித் துப்புரவுப் பணியாளரா இருக்க ஒரு அம்மா, சனங்க தெருவுல வெளிக்கு இருந்துட்டுப் போனதைக் கையால வாருறாங்க. கேமரா அவங்க கூடவே போகுது. அவங்க பேசிக்கிட்டே வேலையப் பாக்குறாங்க. பாட்டு இல்ல, பூச்சு இல்ல. நாம மூக்கைப் பொத்திட்டுத் தாண்டிப் போற தெரு. இதுல எந்த இடத்துல பாதியை வெட்டுனாரு? சொல்லுங்க. கையால மலம் அள்ளுறவங்களைப் பத்தி 2017ல திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ல எந்த இக்ளூவைப் பாத்தீங்க?

செல்லூர் ரசிகன்:
அந்த ரெண்டையும் நான் குறை சொல்லவே இல்ல. பொதுவா எழுதுனதைத் தூக்கித் தலையில போடாதீங்க.

பழங்காநத்தம் பாலா:
பொதுவா எழுதுனீங்கன்னா பொதுவா வாபஸ் வாங்குங்க.

செல்லூர் ரசிகன்:
வாபஸ் வாங்க இது என்ன வேட்புமனுவா?

பசுமலை வாத்தியார்:
பாலா அவர்கள் அமுதனைப் பற்றி இவ்வளவு பேசுகிறார். 1998லிருந்து அவர் நம் ஊரிலேயே சர்வதேச ஆவணப்பட விழா நடத்துகிறார். உலகத்துப் படமெல்லாம் மதுரைக்கே வருகிறது. நானும் போயிருக்கிறேன். முதல் படம் முடிந்ததும் ஜிகர்தண்டா குடிக்கப் போய்த் திரும்பி வராதவர்களில் ஒருவரை நான் அறிவேன். பெயர் வேண்டாம்.

கோரிப்பாளையம் கபீர்:
பழங்காநத்தத்துல இருக்கிறவரா வாத்தியாரே?

பழங்காநத்தம் பாலா:
அன்னிக்கு எனக்கு வயித்து வலி. அதுக்கும் பாதி இக்ளூவுக்கும் என்ன சம்பந்தம்? வாத்தியாரய்யாவுக்கு என் மேல பழைய கோபம். அவரு எழுதுன விமர்சனத்துல ‘நானூக் பட்டினியால் செத்தார்’னு வந்தப்ப நான் திருத்துனேன். அது ஃப்ளஹர்ட்டி பரப்புன கதை. வீட்டுல நோய்ல செத்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம், காசநோயா இருக்கலாம்னு பின்னால எழுதியிருக்காங்க. அதுலருந்து இவருக்கு நான் ஆகாது.

பசுமலை வாத்தியார்:
அந்தக் கட்டுரையில் ‘சொல்லப்படுகிறது’ என்றுதான் எழுதியிருந்தேன். ஸ்கிரீன்ஷாட் வைத்திருக்கிறேன்.

திருநகர் தேவி:
கேக்குறவங்க யாராவது இருந்தா ஒண்ணு சொல்றேன். ‘தி ஆக்ட் ஆஃப் கில்லிங்’, 2012. இந்தோனேசியாவுல 1965-66ல நடந்த படுகொலைகள். கொன்னவங்களையே கூப்பிட்டு, எப்படிக் கொன்னீங்கன்னு அவங்களுக்குப் புடிச்ச சினிமா மாதிரி நடிக்கச் சொல்றாரு இயக்குநர் ஜோஷுவா ஓப்பன்ஹைமர். மேக்கப், செட்டு, எல்லாம் உண்டு. ஆனா அந்த நடிப்புலதான் உண்மை வெளிய வருது. கடைசியில பெயர்ப் பட்டியல் ஓடுறப்ப உள்ளூர்ல வேலை பாத்தவங்க பேரு வரல, பெயர் வேண்டாதவர், பெயர் வேண்டாதவர்னு வரிசையா வருது. எனக்குத் தொண்டை அடைச்சிருச்சு. நடிக்க வச்சா பொய்யின்னா இதை எங்க வைப்பீங்க?

செல்லூர் ரசிகன்:
அப்படிச் சொல்லுங்க தங்கச்சி! இதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

பழங்காநத்தம் பாலா:
நீங்க சொல்ல வந்தது ‘ஜோடனையே இல்ல’ன்னு. அக்கா சொல்றது ‘ஜோடனை இருந்தாலும் தப்பில்ல’ன்னு. ரெண்டும் ஒண்ணாண்ணே? அக்கா, அங்க நடிக்கிறது நடிப்புன்னு பாக்குறவனுக்குத் தெரியும். இங்க தெரியாது. இக்ளூ பாதின்னு தெரியாது. பாதி!

கோரிப்பாளையம் கபீர்:
இன்னொரு தடவை பாதின்னு சொன்னா நான் மீதியைக் கட்டிக் குடுத்துர்றேன் மாப்ள.

முனிச்சாலை மூத்தவர்:
அந்தக் காலத்தில் நம் மதுரை தங்கம் தியேட்டரில் மெயின் படத்துக்கு முன்னால் அரசாங்கத்தின் ஃபிலிம்ஸ் டிவிஷன் படம் போடுவார்கள். வெள்ளம், அணைக்கட்டு, பயிர், குடும்பக் கட்டுப்பாடு. நாங்கள் பாதிப் பேர் அப்போதுதான் உள்ளே வருவோம். உங்களை மாதிரி யாரும் சண்டை போட்டதில்லை.

பாலமேடு பாண்டி:
தங்கம் தியேட்டர் ஒரு காலத்துல ஆசியாவிலேயே பெருசா இருந்துச்சுன்னு எங்கப்பா சொல்லுவாரு. 52ல ‘பராசக்தி’ போட்டுத்தான் திறந்தாங்களாம்.

முனிச்சாலை மூத்தவர்:
கட்டி முடிக்கும் முன்பே திறந்தார்கள் தம்பி.

கோரிப்பாளையம் கபீர்:
அப்ப அதுவும் பாதிதானா பெரியவரே? பாலா, விடாத!

பழங்காநத்தம் பாலா:
லந்து பண்ணுங்க, பண்ணுங்க. ஒருத்தரும் கேட்டதுக்குப் பதில் சொல்லல. செலவுக்குப் பணம் குடுத்தது யாருன்னாவது கேட்டீங்களா? ரெவியோன் ஃப்ரேர்ங்கிற பிரெஞ்சு கம்பெனி. மிருகத் தோல் வியாபாரம். அந்தக் கம்பெனிக்குத் தோல் குடுக்குற வேட்டைக்காரன் படத்துல கிராமபோன் தட்டைக் கடிச்சுப் பாக்குறான், ஒண்ணும் தெரியாதவன் மாதிரி. கேமராவையே ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்கன்னு வாத்தியாரய்யாவே மேல சொல்லிட்டாரு. அப்புறம் கிராமபோன் தெரியாதாமா? வாத்தியாரய்யா, பதில் சொல்லுங்க.

பசுமலை வாத்தியார்:
அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 1989ல் பாதுகாக்க வேண்டிய படங்கள் என்று முதல் 25ஐத் தேர்ந்தெடுத்தபோது அதில் இந்தப் படமும் இருந்தது. பழங்காநத்தத்தின் ஒப்புதல் கிடைக்காதது அவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும்.

பழங்காநத்தம் பாலா:
அதே பட்டியல்ல ‘ஸ்டார் வார்ஸ்’கூடத்தான் இருக்கு. அதையும் ஆவணப்படம்னு சொல்லுவீங்களா?

செல்லூர் ரசிகன்:
பாலா, இவ்வளவு நேர்மை பேசுறியே, என்கிட்ட வாங்கிட்டுப் போன ஹார்ட் டிஸ்க்கு எங்கப்பா? நானூக்கே அதுலருந்துதான் நீ பாத்த.

பழங்காநத்தம் பாலா:
அதுல இருந்த ஃபைல் கடைசிவரைக்கும் ஓடவே இல்ல. வேற இடத்துலதான் முழுசாப் பாத்தேன். டிஸ்க்கைக் கபீர்கிட்டக் குடுத்துட்டேன்.

கோரிப்பாளையம் கபீர்:
எங்கிட்டயா? எப்ப குடுத்த? டேய், இதென்ன புதுக் கதை!

திருநகர் தேவி:
ஓப்பன்ஹைமர் படத்தைப் பத்தி யாராவது பேசுவீங்களா, இல்ல நான் கிளம்பட்டுமா?

பழங்காநத்தம் பாலா:
இருங்கக்கா, வர்றேன். செல்லூர் அண்ணே, டிஸ்க்கு விஷயத்தைத் தனியாப் பேசிக்கலாம். அந்த வரி இன்னும் பதிவுல அப்படியேதான் இருக்கு. இப்பதான் போய்ப் பாத்துட்டு வந்தேன். எடுக்கப் போறீங்களா, இல்லையா?

செல்லூர் ரசிகன்:
டிஸ்க்கு வரட்டும், யோசிக்கிறேன்.